பூரானுக்குள் இருக்கும் சீனியும் விதைமூட்டைக் கணக்கும்

கார்த்திகை, மார்கழி நாட்களில் பனம்பாத்தியின் ஓரத்தைக் கிளறி, வேர்விட்ட கொட்டை ஒன்றை எடுத்துப் பிளந்தால் உள்ளே வெள்ளையாக, பஞ்சுபோல, தித்திப்பாக ஒன்று இருக்கும். பூரான் என்போம். எம்மில் அதைத் தின்னாமல் வளர்ந்தவர்கள் குறைவு. முகாமில் பிறந்து முகாமில் வளர்ந்த பிள்ளைகளுக்குத்தான் அது புதினம். மீள்குடியேறிய கிராமமொன்றில் நாம் நின்றபோது ஒரு சின்னப் பெட்டை முதன்முதலாகப் பூரானை வாயில் வைத்துவிட்டுத் தன் அம்மம்மாவிடம், "அம்மம்மா, இதுக்குள்ள ஆர் சீனி போட்டது?" என்று கேட்டாள். "கடவுள்தான் போட்டவர், பேசாமல் தின்" என்றார் அந்த அம்மா. எல்லோரும் சிரித்தோம்.

அம்மம்மாவின் பதிலில் பிழை சொல்ல நாம் வரவில்லை. ஆனால் பிள்ளையின் கேள்வியைச் சிரித்து விட்டுவிடவும் எமக்கு மனமில்லை. அந்தச் சீனி எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது என்று விளங்கினால், எமக்கு வருகின்ற நிவாரண விதைமூட்டைகளை நாம் எப்படிப் பார்க்கவேண்டும் என்பதும் சேர்ந்து விளங்கும். இக்கட்டுரையின் நோக்கம் அதுதான்.

முதலில் பூரானைப் பார்ப்போம். நுங்காக இருக்கும்போது பனங்கொட்டையின் உள்ளே இருப்பது நீர்ப்பிடிப்பான வழுவழுத்த பொருள். காய் முற்ற முற்ற அது இறுகி, பழம் விழுகின்ற ஆடி, ஆவணியில் கல்லுப்போலாகிவிடுகிறது. அந்தக் கல்லும் சீனியால் ஆனதுதான். மனோசு என்ற ஒருவகைச் சீனியின் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் சங்கிலியாகக் கோர்க்கப்பட்டு, ஒன்றோடொன்று நெருங்கி இறுகியிருக்கின்றன. சங்கிலியாக இருக்கும் சீனி நாக்குக்கு இனிக்காது, நீரிலும் கரையாது. எறும்புகூட அதைத் தேடி வராது. (பாடப்புத்தகத்தில் வெல்லம் என்று படித்ததைத்தான் இங்கே சீனி என்கிறோம். கடையில் நிறுத்து வாங்குகின்ற சீனி அந்தப் பெரிய குடும்பத்தில் ஒன்று மட்டுமே.)

கொட்டை பாத்தியில் ஈரம் கண்டதும் கண்ணுக்குள் இருக்கின்ற சின்னஞ்சிறு முளையம் விழிக்கிறது. அதன் வித்திலையின் ஒரு நுனி கொட்டைக்குள்ளேயே தங்கி வீங்குகிறது. அந்த வீக்கந்தான் பூரான். அது நொதியங்களைச் சுரந்து கல்லைக் கரைக்கிறது, சங்கிலியை அறுக்கிறது, விடுபட்ட சீனியை உறிஞ்சுகிறது. வித்திலையின் மறுபக்கம் காம்பாக நீண்டு, வேரையும் குருத்தையும் தன்னுள் வைத்துக்கொண்டு நேரே நிலத்துக்குள் இறங்குகிறது. பூரான் உறிஞ்சிய சீனி அந்தக் காம்பு வழியே கீழே போகிறது. அங்கே அது மறுபடியும் சங்கிலியாகக் கோர்க்கப்பட்டு மாப்பொருளாகிறது. அதுதான் பனங்கிழங்கு. தையிலும் மாசியிலும் நாம் கிண்டி எடுத்து அவித்துத் தின்பதும், கிழித்துக் காயவைத்து ஒடியலாக்குவதும், கூழாகவும் பிட்டாகவும் சட்டியில் ஏறுவதும் ஆவணியில் கல்லாக இருந்த அதே பொருள்தான்.

ஆக, பிள்ளையின் நாக்கில் பட்ட இனிப்பு, ஒரு வீட்டை விட்டுப் புறப்பட்டு மற்ற வீட்டுக்குப் போய்ச் சேராத சீனி. இடையில் வழியில் நிற்கின்ற சீனி. எம்மவருக்கு இதை விளங்கப்படுத்த அதிகம் பேசவேண்டியதில்லை.

பனை ஏன் இவ்வளவு கஷ்டப்படுகிறது, கையிருப்பை ஏன் கொட்டையிலேயே வைத்திருக்கவில்லை என்று கேட்கலாம். எமது குடாநாட்டில் மாரி சில மாதந்தான். தையில் மழை ஓய்ந்தபின் மேல்மண் காய்ந்துவிடும். அதற்குமுன் குருத்தும் சாப்பாடும் ஈரம் நிற்கின்ற ஆழத்துக்குப் போய்விடவேண்டும். கொட்டை வெயிலில் காய்ந்து வெறும் ஊமலாகினாலும் கீழே கிழங்கு இருக்கும், மூடி மறைந்து இருக்கும்.

இனி நெல்லுக்கு வருவோம். கதை அதேதான், ஆட்கள்தான் வேறு. நெல்மணியின் ஒரு மூலையில் முளையம், மீதி முழுவதும் மாப்பொருள். நீர் பட்டதும் முளையம் ஓர் ஓமோனைச் சுரந்து தவிட்டுக்கு அடுத்துள்ள படையைத் தட்டி எழுப்புகிறது. அந்தப் படை நொதியத்தைச் சுரக்கிறது, மாப்பொருள் சீனியாகிறது. முளைகட்டிய நெல்லை வாயில் போட்டு மென்றவர்களுக்கு அந்த இனிப்புத் தெரியும். பயறு, உழுந்து, கௌபி போன்றவை இன்னொரு விதம். அவற்றில் வயிற்றூதலை உண்டாக்கும் ஒருவகைச் சீனி இருக்கிறது. முளைத்த முதல் ஓரிரு நாளில் விதை அதைத் தானே செலவழித்துவிடும். முளைப்பயறு பிள்ளைகளின் வயிற்றுக்குச் சுகமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தச் சீனி முளைக்குள் என்ன செய்கிறது? சாப்பாடு என்று சொன்னால் பாதிதான் சரி. சேற்று விதைப்புக்காக நெல்லை ஊறவைத்துச் சாக்கில் கட்டி வைத்தவர்கள் இரண்டாம் நாள் சாக்குக்குள் கையை விட்டுப் பார்த்திருப்பீர்கள். சூடு தெரியும். அது சீனி எரிகின்ற சூடு. விதை சுவாசிக்கிறது. எரிந்த சீனியில் கிடைக்கும் சக்தியில்தான் எல்லா வேலையும் நடக்கிறது. ஆனால் முளை வெளியே வருவதற்குச் சக்தி மட்டும் போதாது. முளைவேர் முதன்முதல் விதைத்தோலை உடைத்துக்கொண்டு வரும்போது அங்கே புதிய கலங்கள் பெரிதாக உண்டாவதில்லை. ஏற்கெனவே இருக்கும் கலங்கள்தான் நீள்கின்றன. கலத்துக்குள் கரைந்திருக்கும் சீனியும் உப்புக்களும் வெளியே இருக்கும் நீரை உள்ளே இழுக்கின்றன. சைக்கிள் ரியூப்புக்குக் காற்று அடித்தாற்போலக் கலம் விறைக்கிறது. அதேவேளை கலச்சுவர் தன் கட்டுக்களைச் சற்றுத் தளர்த்திக் கொடுக்க, கலம் நீள்கிறது. கலங்கள் பிரிந்து பெருகுவது அதற்குப் பின்புதான் மும்முரமாகத் தொடங்குகிறது.

அந்தப் பெருக்கத்தைத் தொடங்கவா, பொறுக்கவா என்று தீர்மானிப்பதிலும் சீனிக்குப் பங்குண்டு. எம்மை மிகவும் யோசிக்க வைத்த செய்தி இதுதான். 2013 இல் அமெரிக்காவில் ஜென் ஷீன் என்பவரின் ஆய்வுக்குழு கடுகுக் குடும்பத்துச் சிறுசெடி ஒன்றை வைத்து இதை ஆராய்ந்தது. விதையின் கையிருப்புத் தீர்ந்து, போதிய வெளிச்சமும் இல்லாமல் நின்ற நாற்றுக்களின் வேர்நுனிக் கலங்கள் மூன்று நாளில் பிரிவதை நிறுத்திவிட்டன. அவை சாகவில்லை, காத்துக்கொண்டு நின்றன. குளுக்கோசு கிடைத்ததும் திரும்பவும் பிரியத் தொடங்கின. கலத்துக்குள் ஒரு புரதம் காவலாளிபோல நின்று, "கையில் சீனி இருக்கிறது, இனி வளரலாம்" என்று உத்தரவு கொடுக்கிறது. எமது உடலின் கலங்களிலும் அதே குடும்பத்துப் புரதம் உண்டு. சீனி சமையலுக்கு விறகாக மட்டும் இருக்கவில்லை, பந்திக்கு அழைப்பாகவும் இருக்கிறது.

அப்படியானால் விதையைச் சீனித் தண்ணீரில் ஊறவைத்தால் வளர்ச்சி இரட்டிக்காதா என்று யாராவது கேட்கக்கூடும். வேண்டாம். வெளியே சீனி கூடினால் அது விதைக்குள் போகவேண்டிய நீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். பூஞ்சணத்துக்கும் எறும்புக்கும் விருந்தாகும். அளவுக்கு மிஞ்சிய சீனியில் வைத்த நாற்றுக்கள் வளர்ச்சி நின்று வெளிறிப்போவதை ஆய்வுகூடங்களிலும் கண்டிருக்கிறார்கள். நெல்லின் முளையமே இதை அறிந்திருக்கிறது. சீனி குறைந்தால் மாப்பொருளைக் கரைக்கும் நொதியத்தை உண்டாக்குகிறது, போதுமான சீனி சேர்ந்ததும் அதைக் குறைத்துக்கொள்கிறது. பசித்தால் உலை வைக்கும், நிறைந்தால் அடுப்பை அணைக்கும். தேவைக்கு மேல் ஒரு மணியைக்கூட அவிக்காத பழைய வீட்டுக்காரியின் சிக்கனம் அது.

வயல் செய்பவர்களுக்கு இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. புழுதியில் விதைத்த கையோடு ஐப்பசி மழை அடைத்துக்கொண்டு பெய்தால் விதை வெள்ளத்துக்குள் மூழ்கிவிடும். நீருக்குள் காற்று இல்லை. காற்று இல்லாமல் எரிகின்ற சீனியில் கிடைக்கும் சக்தி மிகச் சொற்பம். பார்லியும் கோதுமையும் அந்த நிலையில் மாப்பொருளைக் கரைக்கவே முடியாமல் அழுகிப்போகின்றன. நெல் மட்டும் கையிருப்பைக் கரைத்துக் கரைத்து, வேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டு, முளையுறையை மட்டும் நீட்டி நீர்மட்டத்துக்கு மேலே மூக்கைக் காட்டப் பார்க்கும். எல்லா நெல்லும் இதில் ஒரே மாதிரியல்ல. மியன்மார் நாட்டுப் பழைய நெல்லினம் ஒன்று இந்த வேலையில் கெட்டிக்காரனாக இருக்கக் கண்டு, பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் காரணம் தேடினார்கள். 2015 இல் வெளியிட்டார்கள். "சீனி போதும்" என்று சொல்லும் சமிக்ஞையை அந்த நெல் தணித்து வைக்கிறது. அதனால் முளையம் பசி அடங்காதது போல மாப்பொருளைத் தொடர்ந்து இழுத்து, முளையை நீட்டிக்கொண்டே போகிறது.

எமது மொட்டைக்கறுப்பன் போன்ற பழைய நெல்லினங்களையும் இந்தக் கண்ணோடு சோதித்துப் பார்க்கவேண்டும் என்று எமது விவசாய பீடத்தாரையும் ஆராய்ச்சி நிலையத்தாரையும் கேட்டுக்கொள்கிறோம். 2008 நவம்பரில் நிஷா புயலோடு வந்த வெள்ளத்தை மறந்தவர்கள் எம்மில் இல்லை. 2024 நவம்பரிலும் வயல்கள் குளங்களாகக் கிடந்தன. மழை எமது சொல் கேட்கப் போவதில்லை. விதையாவது அதற்கு ஈடுகொடுக்கவேண்டாமா?

இவ்வளவும் எழுதியது ஒரு காரணத்துக்காக. விதை தாயிடமிருந்து பெற்ற கட்டுச்சோற்றோடு புறப்படுகிறது. பச்சை இலை விரிந்து வெயிலில் தானே சீனி சமைக்கும் நாள்வரைக்கும் அதற்கு வேறு கதி கிடையாது. நாம் போடும் பசளை அந்தச் சோற்றைக் கூட்டாது. உரம் மண்ணில் இருக்கலாம், நீர் வாய்க்காலில் இருக்கலாம், கட்டுச்சோறு வழியிலேயே பழுதாகிவிட்டால் முளை மேலே வராது. வந்தாலும் நோஞ்சானாக வரும்.

அது எப்படிப் பழுதாகிறது? காய்ந்த விதைக்குள்ளும் சீனி இருக்கிறது. அங்கே அதன் உத்தியோகம் காவல். நீர் வற்றிய கலத்துக்குள் சீனி கண்ணாடிபோல உறைந்து, புரதங்களையும் மென்சவ்வுகளையும் அசையாமல் பிடித்து வைத்திருக்கிறது. விதை வருடக்கணக்கில் உறங்குவது இந்தக் கண்ணாடிக்குள்தான். ஈரமும் சூடும் ஏறினால் கண்ணாடி இளகுகிறது. காவலுக்கு நின்ற பெரிய சீனிகள் உடைந்து குளுக்கோசு போன்ற சிறிய சீனிகளாகின்றன. இவை கெட்ட பிள்ளைகள். புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றை வேலை செய்யவிடாமல் பண்ணுகின்றன. பாண் தோலும் தோசையும் அடுப்பில் சிவக்கின்றனவே, ஏறத்தாழ அதே இரசாயனம், நெருப்பில்லாமல் மெல்ல மெல்ல நடக்கிறது. பயற்றம் விதையில் இது விசேடமாக ஆராயப்பட்டிருக்கிறது. உள்ளே இருக்கும் நொதியம் கெட்டபின் மாப்பொருள் எவ்வளவு இருந்தென்ன? பூட்டிய கொம்பறையின் திறப்பைத் தொலைத்தவன் கதைதான்.

விதை சேமிப்போர் கைக்கொள்ளும் பழைய கணக்கு ஒன்று உண்டு. ஹாரிங்ரன் என்ற அமெரிக்கர் சொன்னது. விதையின் ஈரப்பதன் நூற்றுக்கு ஒன்று குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும். களஞ்சியத்தின் வெப்பம் ஐந்து, ஆறு பாகை குறைந்தாலும் அப்படியே. துல்லியமான சட்டமல்ல, ஒரு மதிப்பு. திருப்பிப் பார்த்தால் எமக்கு உறைக்கும். கச்சானும் வெயிலும் அடிக்கின்ற மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே, சீமெந்துத் தரையில், பிளாஸ்ரிக் பையில் அடுக்கி வைத்த விதையின் ஆயுள் பாதியாகி, பாதியின் பாதியாகிக் குறைந்துகொண்டு போகும். வெளிப்பார்வைக்கு மணி மணியாகவே இருக்கும். எமது பாட்டன்மார் விதைநெல்லை நன்றாகக் காயவைத்துக் கொம்பறையில் போட்டதும், பயற்றைச் சாம்பலோடும் வேப்பமிலையோடும் பானையில் அடைத்ததும், விதைக்குரக்கனைக் கதிரோடு அடுப்புப் புகையில் தொங்கவிட்டதும் இந்தக் கண்ணாடியைக் காப்பாற்றத்தான், பெயர் தெரியாமலே.

1995 ஒக்ரோபர் 30 ஆந் திகதி இரவு வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டபோது எத்தனை வீடுகளில் அந்தப் பானைகள் அப்படியே நின்றன. வலிகாமம் வடக்கு மக்களுக்கு அந்த இழப்பு 1990 இலேயே வந்துவிட்டது. வீடு போனதையும் மாடு போனதையும் நிவாரணப் படிவத்தில் எழுதினோம். விதைப்பானை போனதை எழுத அதில் கட்டம் இருக்கவில்லை. அன்றிலிருந்து எமது கமக்காரக் குடும்பங்கள் பல, விதைக்காக மற்றவர் கையைப் பார்க்கும் நிலைக்கு வந்தன. இதை நாம் சாதாரண இழப்பாக நினைக்கவில்லை.

இப்போது சொல்லவேண்டியதைச் சொல்கிறோம். மீள்குடியேறிய குடும்பங்களுக்கு விதை வழங்குகின்ற எவரும், அரசாங்கமோ, அரச சார்பற்ற நிறுவனமோ, திருச்சபையோ, தாம் கொடுத்ததைக் கிலோவிலும் மூட்டையிலும் கணக்குக் காட்டுகிறார்கள். இத்தனை குடும்பம், இத்தனை கிலோ, இத்தனை படம். எமக்கு வேண்டியது முளைக்கணக்கு. நூறு விதை போட்டால் எத்தனை முளைத்தது, எத்தனை நாளில் முளைத்தது, விதை எந்தப் போகத்தில் அறுத்தது, எங்கே எத்தனை மாதம் கிடந்தது என்ற கணக்கு. அது இல்லாமல் தருகின்ற மூட்டை விதையல்ல, தானியம். தானியத்தைத் தானியமென்று சொல்லித் தந்தால் நன்றியோடு வாங்கி அவித்துச் சாப்பிடுவோம்.

ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். சில வருடங்களுக்கு முன்பு ஒரு கிராமத்துக்கு ஒரு நிறுவனம் பயற்றம் விதை தந்தது. பெயர் வேண்டாம், நல்லெண்ணத்தோடு தந்தவர்கள். நெல் அறுத்த வயலில் மண் ஈரம் இருக்கும்போதே வந்திருக்கவேண்டிய விதை. ஒப்பம், கூட்டம், பிரமுகர் வருகை என்று இழுபட்டுச் சித்திரையில் வந்தது. மூட்டைக்குள் கையை விட்ட ஒரு கமக்காரர் விதையின் நிறத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் சாக்கைக் கட்டி வைத்தார். மற்றவர்கள் விதைத்தார்கள். பாதிகூட முளைக்கவில்லை. முளைத்ததும் வெளிறி நின்றது. கடன்பட்டு உழவு இயந்திரத்துக்குக் காசு கொடுத்தவர்கள் அவர்கள். முப்பது வருடத்துக்குப் பின் சொந்தக் காணியில் போட்ட முதல் விதைப்பு அது. அந்த நிறுவனத்தின் அறிக்கையில் அந்தக் கிராமம் பயன்பெற்ற கிராமமாகவே இருந்திருக்கும். நாமும் இதற்கு விலக்கல்ல. எமது பணியகம் வழங்கிய விதையையும் ஆரம்ப காலங்களில் முளைத்திறன் பார்க்காமல் வழங்கியிருக்கிறோம். வெட்கத்தோடு சொல்லுகிறோம்.

அவசர காலத்தில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா, கிடைத்ததைக் கொடுப்பதுதானே என்று எம்மோடு வாதாடியவர்கள் உண்டு. அரிசி, மா, பருப்புக்கு அது பொருந்தும். ஒரு கிழமை பிந்தினாலும் அரிசி அரிசிதான். விதைக்கு அப்படியல்ல. கெட்ட விதை வெறுங்கையைவிட மோசம். வெறுங்கையோடு இருப்பவன் அயலில் கேட்டு வாங்கி விதைப்பான். கெட்ட விதையை நம்பியவன் உழவுக்கூலி, பசளை, போகம் மூன்றையும் இழப்பான். இன்னும் சிலர், விதை என்பது நிலத்தில் விழுந்து சாகத்தானே வேண்டும் என்று வேதாகமத்தையே எமக்குத் திருப்பிச் சொன்னார்கள். ஆண்டவர் சொன்ன கோதுமைமணி நிலத்தில் விழுந்து மடிகிறது, களஞ்சியத்தில் மடியவில்லை.

முளைத்திறன் பார்ப்பதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. மூட்டையின் மேலே, நடுவே, அடியிலே என்று மூன்று இடத்திலும் கை விட்டு எடுத்துக் கலந்து, தெரிந்தெடுக்காமல் நூறு விதை எண்ணுங்கள். நனைத்துப் பிழிந்த சாக்குத்துண்டில் பரப்பிச் சுருட்டி, நிழலில் வையுங்கள். சாக்கு காயவும் கூடாது, நீர் சொட்டவும் கூடாது. அநேகர் ஏழாம் நாள்தான் விரித்து எண்ணுவார்கள். நாம் சொல்லுவது, பயறென்றால் மூன்றாம் நாளே ஒருமுறை எண்ணுங்கள், நெல்லென்றால் நாலாம் நாள். விரைவாக ஒன்றுபோல முளைத்த விதையில் கட்டுச்சோறும் திறப்பும் நலமாக இருக்கின்றன என்று அர்த்தம். ஒன்று இன்று, ஒன்று நாளை, ஒன்று அடுத்த கிழமை என்று முளைக்கின்ற விதை சாக்கில் முளைத்தாலும் வயலில் மண்ணை முட்டித் தள்ள மாட்டாது. அதற்குள் சீனி எரிந்து முடிந்துவிடும். முளைக்கணக்குக் குறைந்த விதையை ஆழமாக விதைப்பதும் கூடாது, அது இன்னும் நெடுந்தூரப் பயணம்.

நெல்லில் நூற்றுக்கு 85க்குக் குறைந்தால் மூட்டையைத் திருப்பிக் கொடுங்கள் என்பதே எமது கருத்து. வழங்க வந்தவர் முகம் சுளிப்பார். அடுத்தமுறை பெயர் வராது என்ற பயமும் உங்களுக்கு இருக்கும். அந்தப் பயம் நியாயமானது, ஆகவே தனியாளாகச் செய்யவேண்டாம். கமக்காரர் அமைப்பு அல்லது மாதர் சங்கம் சோதித்து, எண்ணிக்கையை எழுதி, ஒப்பம் வைத்துக் கொடுக்கட்டும். ஒரு பிரதியைக் கமநல சேவை நிலையத்துக்கும் கொடுங்கள். இல்லாவிட்டால் விதையாகத் தரவேண்டாம், அதற்கான பணத்தைத் தாருங்கள், அயற்கிராமத்தில் போன போகம் அறுத்தவரிடம் நாமே பார்த்து வாங்குகிறோம் என்று கேளுங்கள். அந்தக் காசும் எமது ஆட்களிடமே நிற்கும்.

திரும்பவும் பனைக்கு வருகிறோம். பனைக்கு எந்த நிறுவனத்தின் மூட்டையும் தேவையில்லை. ஆவணியில் மரத்தடிக்குப் போனால் விதை கிடக்கிறது, கட்டுச்சோறும் புத்தம் புதிதாக இருக்கிறது. யுத்த காலத்தில் செல் விழுந்து தலை இழந்தவையும், பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் குற்றிகளாகத் தறிக்கப்பட்டவையும் எத்தனையோ இலட்சம். விடுபட்ட காணிகளுக்குள் நாம் முதன்முதல் கால் வைத்தபோது எல்லைவேலியும் இல்லை, எல்லைப் பனையும் இல்லை. யாருடைய வளவு எங்கே முடிகிறது என்பதையே அயலவர் கூடிப் பேசித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இன்னும் விடுபடாத காணிகளுக்கு முன்னால் காத்து நிற்பவர்களுக்கு நாளைக்கு இதே பிரச்சினை வரும்.

ஆனால் நாம் பொறுக்குகின்ற கொட்டை முழுவதையும் பாத்தியில் போட்டு, தையில் முழுவதையும் கிண்டி விடுகிறோம். கிழங்கைக் கிண்டினால் மரம் அதோடு முடிந்தது. கொட்டை கரைத்து அனுப்பிய சீனி முழுவதும் எமது பானைக்கு வந்துவிட்டது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒடியல் விற்ற காசில் பிள்ளையின் பள்ளிக்கூடக் கொப்பி வாங்குகின்ற தாய்க்கு, கிழங்கை விட்டுவை என்று சொல்ல எமக்கு உரிமையில்லை. பாத்தியில் ஒரு வரியை விட்டுவைத்துப் பிறகு பிடுங்கி நடலாம் என்பதும் நடவாத காரியம். ஆழத்தில் இறங்கிய குருத்தைப் பெயர்த்து நட்டால் தப்புவது அரிது.

ஆகவே பிரிக்கவேண்டியது பாத்தி போடுவதற்கு முன்பு. நூறு கொட்டை பொறுக்கினால் பத்தை ஒதுக்கி, வளவின் எல்லையில் எட்டடிக்கு ஒன்றாக, நின்ற இடத்திலேயே மரமாகும்படி புதையுங்கள். நீர் ஊற்றவேண்டாம், பசளை போடவேண்டாம். கட்டுச்சோறு கையில் இருக்கிறது. மேலே ஓர் ஓலை தெரிய மாதங்கள் செல்லும், காய்க்கப் பதினைந்து, இருபது வருடம் செல்லலாம். மாடு மிதிக்காமல் ஒரு காவோலையை மூடி, பக்கத்தில் ஒரு தடியை நட்டு வையுங்கள். இல்லாவிட்டால் நீங்களே மறந்துபோய் மண்வெட்டியால் கொத்திவிடுவீர்கள். எமக்கு நேர்ந்திருக்கிறது.

பூரான் கேட்ட அந்தப் பெட்டையின் வீட்டில் சென்ற ஆவணியில் பதினெட்டுக் கொட்டை எல்லையில் புதைத்திருக்கிறார்கள். தடிகளை அவள்தான் நட்டவள். இரண்டைத் தோண்டிப் பூரான் பார்த்துவிட்டாளாம். பதினாறு மிச்சம்.